ஒன்பதாவது நாற்காலி

“மாப்பிள்ளையை மறந்துடாதே,” என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

மாப்பிள்ளை என்றது ஆக்ஸிஜன் சிலிண்டரை. இரண்டு சக்கரம் வைத்த சின்னத் தள்ளுவண்டியில் நிற்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்கு வரும். பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டான், சாப்பாடு கேட்கமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான், போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவான், இப்படி ஒருத்தன் எந்த வீட்டுக்குக் கிடைப்பான் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சொல்லிவிட்டார். பெண் சிரிக்கவில்லை. மனைவிதான் சிரித்தாள். யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டுமே.

ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். இருட்டுக் குழிக்குள் இறங்கி, தூசியையும் கரியையும் சுவாசித்து, மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர். இப்போது நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனைவி ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். மலைபோல் வரும் போர்வைகளையும் தலையணை உறைகளையும் கையால் தொட்டே எதில் அழுக்குப் போயிற்று, எதில் போகவில்லை என்று சொல்லிவிடுவாள்.

இந்த இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் போக்கர் சீட்டாட்டம்.

முதலில் அவர் மட்டும்தான் ஆடினார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மெக்கானிக்குகள் கூடிக் கற்றுக்கொண்ட ஆட்டம். பிறகு நாற்காலிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் மன்றத்தில் ஞாயிறுதோறும் போட்டி நடக்கிறது என்று தெரிந்து போக ஆரம்பித்தார். ஞாயிறு பூராவும் வீட்டில் தனியாக என்ன செய்வது என்று அவளும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். நீ பின்னால் உட்கார்ந்து விடுகிற பெருமூச்சிலேயே என் சீட்டு என்னவென்று எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். வேறு மேசையில் போய் உட்காரட்டும் என்றுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அவள் அவரைவிட நன்றாக ஆடினாள். அன்றிலிருந்து அவளுக்கு ‘மேடம்’ என்று பெயர்.

“மேடம் எல்லாரையும் ஜெயிப்பாங்க. என்னை மட்டும் முடியாது,” என்று அவர் சொல்லிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், “நல்ல சீட்டு வந்தா உன் மூஞ்சில ஒண்ணு நடக்குது. எனக்குத் தெரியும்.”

என்ன நடக்கிறது என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். சாப்பிடும்போது கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள், தூக்கத்தில் உளறுவாரோ என்று காத்திருந்தும் பார்த்தாள். அவர் வாயே திறக்கவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாய், அப்புறம் உன்னை நான் எப்படி ஜெயிப்பது என்பார்.

போட்டியின் முறை எளிது. காசுக்குப் பதில் எல்லாருக்கும் ஒரே அளவு சில்லு கொடுத்து உட்கார வைப்பார்கள். சில்லு தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். ஆள் குறையக் குறைய மேசைகளை மூடிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சும் ஒன்பது பேரைக் கூடத்தின் நடுவே, தனி விளக்கின் கீழ், உயரமான முதுகு வைத்த ஒன்பது நாற்காலி போட்ட மேசைக்கு அழைத்துப் போவார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் உட்கார்ந்ததே இல்லை. வாசல்படி வரைக்கும் வந்து வந்து திரும்புகிற கல்யாணத் தரகன் மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு என்று காரில் வரும்போது சொல்வார். போட்டி முடிந்ததும் காரை உடனே எடுக்கமாட்டார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, அன்று ஆடின கையை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசி முடித்துவிட்டுத்தான் வீடு. அந்தப் பேச்சுக்காகத்தான் போட்டிக்கே போகிறார்களோ என்று பெண் கேலி செய்வாள்.

டாக்டர் இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, இனிமேல் வெளியே அலையாதீர்கள், படுக்கையோடு பழகிக்கொள்ளுங்கள். பெண் போன் செய்து, அப்பாவை வீட்டில் வை, அந்தக் கூட்டத்துக்குள்ளே இழுத்துக்கொண்டு போகாதே என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் போனை வாங்கி, இந்த ஒரு ஞாயிறு மட்டும், அப்புறம் நீ கட்டிப் போட்டாலும் கேட்கிறேன் என்றார்.

மன்றத்துக்குப் போகிற லிஃப்ட்டில் ஏறியதும் வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார். எண்ணெய் போட்டு எத்தனை மாதமாச்சோ என்று முணுமுணுத்தார். இரண்டாம் மாடி தாண்டும்போது அவள் பக்கம் திரும்பினார்.

“உள்ள போனா நீ யாரு?”

“ஆட்டக்காரி.”

“நான்?”

“ஆட்டக்காரர். இது என்ன புதுசா?”

“புதுசுதான். வீட்ல நீ குளிப்பாட்டுறே, சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறே, நான் ஒண்ணும் சொல்லலை. இந்த ஒரு இடத்துலதான் நான் நோயாளி இல்லை. எனக்கு எதிரா உனக்கு நல்ல கை வந்தா அடி. பாவம் பார்த்து விட்டுடாதே.”

அவள் தலையாட்டினாள்.

“தலையாட்டாதே. வாயைத் திறந்து சொல்லு.”

“விடமாட்டேன். போதுமா?”

போதும் என்பதுபோல் அவர் மாப்பிள்ளையின் கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். கதவு திறந்தது.

அன்று அவர் ஆடின ஆட்டத்தைப் பற்றி மன்றத்தில் அப்புறமும் பேசினார்கள். அவசரமே இல்லை. மட்டமான சீட்டைச் சத்தமில்லாமல் கவிழ்த்துப்போட்டு ஒதுங்கிக்கொண்டார். நல்லது வந்தபோது அளவாகச் சில்லு வைத்து, எதிராளியே வந்து விழும்படி உட்கார்ந்திருந்தார். அவள் வேறொரு மேசையில் இருந்தாள். அவர் இருமும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பத்துப் பேர் மிஞ்சினார்கள். மேசைக்கு ஐந்து பேராக இரண்டு மேசை. இன்னும் ஒரே ஒருத்தர் போனால் போதும், மற்ற ஒன்பது பேருக்கும் நடு மேசை. பக்கத்து மேசையில் தொப்பி என்று எல்லாரும் கூப்பிடும் வாலிபன், எப்போதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பவன், விரல்விட்டு எண்ணக்கூடிய சில்லோடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அடுத்த சுற்றில் அவன் கதை முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் சும்மா இருந்தாலே போதும்.

அவளை மாற்றி உட்கார வைத்தது கணவன் இருந்த மேசையில். பல் டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மேசையா, நடுவில் மாட்டிக்கொண்டால் என் பல்லுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுச் சிரித்தார். அவள் கணவனும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அப்போதுதான் அந்தக் கை வந்தது.

அவளுக்கு விழுந்தது ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு ஆறும். அவர் சில்லு வைத்தார். மற்ற மூன்று பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் சமமாக வைத்து உள்ளே வந்தாள். சீட்டுப் போடும் பெண் நடுவில் முதல் மூன்று சீட்டைத் திறந்தாள். ஸ்பேடு ராஜா, ஸ்பேடு ஒன்பது, ஸ்பேடு நாலு. கையில் இரண்டு, நடுவில் மூன்று, ஐந்தும் ஸ்பேடு; ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் அது பெரிய கை. அதிலும் ஏஸ் இவளிடம். அவர் மறுபடி வைத்தார். அவளும் வைத்தாள். நான்காவது சீட்டு டைமண்டில் ரெண்டு. அவர் இன்னும் கனமாக வைத்தார். அவளும் வைத்தாள். அதுவரைக்கும் அவள் ஆட்டக்காரிதான். அதில் சந்தேகமே இல்லை. கடைசிச் சீட்டு ஹார்ட்டில் ஏழு. அது யாருக்கும் உதவாத சீட்டு. இனி அவளை ஜெயிக்க இந்த உலகத்தில் ஒரு கையும் இல்லை.

நடுவில் சில்லு குவிந்து கிடந்தது. அவர் முன்னால் கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சத்தின் மேல் கையை வைத்தார். இருமல் வந்தது. நகக்கண் எல்லாம் நீலம் பாரித்திருந்தது. அவர் கையை எடுத்து, மேசையை இரண்டு விரலால் தட்டினார். நான் ஒன்றும் வைக்கவில்லை, உன் முறை என்று அர்த்தம்.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குவியல் அவரிடம் போனால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அவளும் இரண்டு விரலால் தட்டினாள்.

அவர் தன் சீட்டைத் திருப்பினார். இரண்டு ராஜா. நடுவில் உள்ளதோடு மூன்று ராஜா. அவள் தன் சீட்டைத் திருப்பாமலே, தோற்றவள் தள்ளுகிற மாதிரி, அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினாள். பல் டாக்டர் மூணு ராஜாவா என்று விசிலடித்தார். சீட்டுப் போடும் பெண் குவியலை அவர் பக்கம் நகர்த்தக் கை நீட்டினாள்.

அவர் குவியலைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அந்தச் சீட்டைக் காட்டும்மா,” என்றார், சீட்டுப் போடும் பெண்ணிடம்.

அந்தப் பெண்ணின் கை நின்றது. அந்த மன்றத்தில் ஒரு முறை உண்டு. காட்டாமல் தள்ளின சீட்டைப் பார்க்க வேண்டும் என்று மேசையில் யாரும் கேட்கலாம். மற்றவர்கள் கேட்டால் அது செத்த சீட்டு. என்னவாக இருந்தாலும் செல்லாது, வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் ஜெயித்தவரே கேட்டால் அந்தச் சீட்டுக்கு உயிர் வந்துவிடும். அது பெரிய கையாக இருந்தால் குவியல் அதற்கே போகும். அதனால் ஜெயித்தவர் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

“சார், நீங்க கேட்டா அது உயிர்ச் சீட்டு. தெரியும்ல?” என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில்.

“தெரியும். திற.”

“வேணாங்க,” என்றாள் மனைவி.

“திறம்மா.”

ஏஸும் ஆறும் மேசையில் மலர்ந்து கிடந்தன. பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். குவியல் சத்தமில்லாமல் அவள் பக்கம் வந்து சேர்ந்தது.

நடுவர் வந்தார். நல்ல மனிதர், எல்லாரையும் அக்கா அண்ணா என்று கூப்பிடுகிறவர். யாராலும் ஜெயிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு, கடைசி முறையும் தன்னுடையதாக இருக்கும்போது சில்லு வைக்காமல் தட்டினால் அது குற்றம். தெரிந்தவருக்கு விட்டுக்கொடுத்ததாகத்தான் கணக்கு. ஆனாலும் அவர் அவளுக்கு ஒரு வழி விட்டார். சரியாகப் பார்க்காமல் தட்டிவிட்டீர்களா அக்கா என்று கேட்டார். அவள், ஆமாம், சரியாகப் பார்க்கவில்லை என்றாள்.

“இவ இருட்டுல தலையணை உறையைத் தொட்டே கறை எங்க இருக்குன்னு சொல்லுவா,” என்றார் அவள் கணவன், யாரையும் பார்க்காமல். “பார்க்கலையாம்.”

நடுவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஒரு சுற்று முடியும் வரை அவள் கயிறு கட்டின தடுப்புக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்றார். அவள் எழுந்து போய் நின்றாள்.

அங்கிருந்துதான் அதைப் பார்த்தாள். அடுத்த கைக்குச் சீட்டு விழுந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. கோபத்தில் சில்லைத் தள்ளாதே, கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடி என்று அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தவர், முன்னால் இருந்த மிச்சத்தைப் புறங்கையால் அப்படியே நடுவுக்குத் தள்ளினார். பல் டாக்டர் தன் சீட்டைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். கொஞ்சம் யோசிச்சு ஆடுங்களேன் சார் என்றுகூடச் சொன்னார். பிறகு வைத்தார். பல் டாக்டரிடம் இரண்டு பத்து. அவள் கணவன் தன் சீட்டை எல்லாரோடும் சேர்ந்துதான் முதல் தடவையாகப் பார்த்தார். எட்டும் மூணும்.

பத்தாவது ஆள் போயாயிற்று. பக்கத்து மேசையில் தொப்பி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். அப்புறம் யார் போனது என்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

அவர் மாப்பிள்ளையின் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டு தடுப்பின் அருகே வந்தார்.

“நான் வண்டியில இருக்கேன். நீ போய் ஆடு.”

“எனக்கு ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானும் வரேன்.”

“வராதே,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, பிறகு சொன்னார்: “வந்தா, இன்னிக்கு நீ பாவம் பார்க்கிறது இது ரெண்டாவது தடவை.”

தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவள் இழுக்கும்போது அந்தச் சத்தம் வந்ததே இல்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடு மேசையில் அவளுக்கு ஒன்பதாவது நாற்காலி விழுந்தது. உட்கார்ந்தாள். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆடினாள். யாருக்கும் ஒரு சில்லு விட்டுக்கொடுக்கவில்லை. பல் டாக்டரை வெளியே அனுப்பியது அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தாள். பாவம் அவர், வீட்டுக்குப் போனதும் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். கடைசியில் தொப்பியிடம் தோற்று மூன்றாவதாக வந்தாள்.

காரில் விளக்குப் போட்டிருந்தது. அவர் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றி வைத்திருந்தார். அவளுடையது ஏடு கட்டிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்தாள். எந்தக் கையைப் பற்றியாவது அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. எத்தனையாவது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“உங்களை அந்த நாற்காலியில பார்க்கணும்னுதான்,” என்று அவளே ஆரம்பித்தாள்.

“நீ அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிறே?”

“நீங்க வந்திருப்பீங்க. மூணு ராஜாவை வச்சுக்கிட்டு யார் வராம இருப்பாங்க? எல்லாம் போயிருக்கும்.”

“வந்திருக்க மாட்டேன். கவிழ்த்திருப்பேன். நாலாவது சீட்டுக்கே எனக்குத் தெரியும், உன் மூஞ்சில வந்துடுச்சு. அதனாலதான் கடைசியில வைக்காம தட்டினேன்.” கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டார். “அந்தக் குவியல் எப்படியும் உனக்குத்தான். என் முன்னால அதே கொஞ்சம் சில்லு இருந்திருக்கும். அதே சில்லு. அதை வச்சுக்கிட்டுப் பொறுமையா உட்கார்ந்திருப்பேன். அந்தத் தொப்பிக்காரன் போயிருப்பான்.”

அவள் வண்டியை எடுத்தாள். உள்ளுக்குள் அவள் அதை நம்பவில்லை. மூன்று ராஜாவைக் கவிழ்க்கிறவன் பிறக்கவில்லை. தோற்றவர் வீம்புக்குச் சொல்கிற பேச்சு, சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் அவர்கள் சீட்டைத் தொடவில்லை. பேச்சு வார்த்தை இருந்தது. கஞ்சியில் உப்புப் பத்தவில்லை, ஜன்னலைச் சாத்து, பெண் எப்போது வருகிறாள். மேடம் என்று மட்டும் கூப்பிடவில்லை. வெறும் ‘இந்தா’தான்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு ஒரு மத்தியானம், ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, “சீட்டுக்கட்டு வச்சிருக்கியா?” என்றார்.

அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்தாள். சில்லுக்கு எங்கே போவது? பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் கேட்டு, மருந்து பாட்டில் மூடிகளைச் சேகரித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தாள். அதைப் பார்த்த நர்ஸ், தாத்தா, என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றும் விழவில்லை. அப்புறம் ஒரு கையில் அவளுக்கு இரண்டு ஒன்பது விழுந்தது. நடுவில் மூன்றாவது ஒன்பது வந்தது, பின்னாலேயே இரண்டு ராணியும் வந்தன; மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்தால் எந்த மூன்று சீட்டையும் அடிக்கிற கை. அவர் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில், இந்தத் தடவை, அவள் யோசிக்கவே இல்லை. இருந்த மூடிகளை எல்லாம் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

“அடிச்சுட்டேன்,” என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிறகு தன் இரண்டு சீட்டையும் முகம் தெரியத் திருப்பி, நடுவில் போட்டார். ஒரு ராணியும் ஒரு ஏஸும். நடுவில் இருந்ததோடு மூன்று ராணி.

“கவிழ்த்துட்டேன்,” என்றார். அவர் முன்னால் ஐந்தாறு மூடி மிச்சம் இருந்தது. அதை ஒழுங்காக அடுக்கினார். “இப்ப நம்புறியா மேடம்?”

அவளால் தலையாட்டத்தான் முடிந்தது. வாயைத் திறந்து சொல் என்று அவர் இந்தத் தடவை கேட்கவில்லை. அவள் முகமூடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

“என் மூஞ்சில என்னதான் நடக்குது? இப்பவாவது சொல்லுங்களேன்,” என்றாள்.

முகமூடிக்குள் அவர் சிரிப்பது தெரிந்தது. மாட்டேன் என்று விரலை ஆட்டினார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

பெண் வந்திருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போனாள். மாப்பிள்ளையையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சீட்டுக்கட்டிலிருந்து ஸ்பேடு ஏஸையும் ஆறையும் தேடி எடுத்தாள். கண்ணாடிக்குக் காட்டாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடி ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். உடனே நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள்.